எந்தப் பிளேன் என்று முடிவெடுப்பது யார்?

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன்: நமது தேசிய விமான சேவையான ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸிடம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கக்கூடிய விமானம் ஒன்றுகூட இல்லை என்று. அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. ஒரே விஷயத்தைப் பலர் பல விதமாகக் கேட்டிருப்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, உரும்பிராய்): நாங்கள் இளமையில் பலாலியில் அவ்ரோ விமானம் ஏறி, கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் இறங்கினோம். இப்போது பலாலிக்கு இந்திய விமானம் வருகிறது, சொந்த நாட்டு விமானம் வருவதில்லை. ஏன்?

பதில்: ரீச்சர், அந்த அவ்ரோவை நான் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்தபடி வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன், ஏறியதில்லை. அப்போதைய தேசிய சேவையான எயார் சிலோன் அதை இரத்மலானைக்கும் பலாலிக்கும் திருச்சிக்குமாக ஓட்டியது. விசிறி வைத்த விமானம், குறுகிய ஓடுபாதையே அதற்குப் போதும். 1979இல் எயார் சிலோனின் இடத்துக்கு, இன்றைய ஸ்ரீலங்கனின் பழைய பெயரான எயார் லங்கா வந்தபோது பார்வை முழுக்க லண்டன், பரிஸ், மத்திய கிழக்கு, சிங்கப்பூர் என்று தூரத்துக்குப் போய்விட்டது.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது திருத்தி எடுத்த ஓடுபாதை ஏறக்குறைய 1400 மீட்டர். எழுபது பேர் அளவில் ஏற்றும் ஏ.டி.ஆர். 72 போன்ற விசிறி விமானத்துக்கு அது போதும். அந்த ஆண்டு நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையில் இருந்து கொண்டுவந்தது அந்த வகைதான். கொரோனாவோடு நின்று 2022 டிசெம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் அதே வகையோடு வந்து சேர்ந்தது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸிடம் இருப்பவை ஏ320, ஏ321, ஏ330, எல்லாமே எயார்பஸ் ஜெட். அதில் ஆகச் சின்னதுக்கே நிறைய ஆட்களோடு ஏறி இறங்க இரண்டு கிலோமீட்டர் அளவில் பாதை வேண்டும்.

பலாலிக்காக ஒரு சின்ன விமானம் வாங்கியிருக்க வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். ஒரு சின்னப் பாதைக்காகத் தனி விமானிகள், தனி மெக்கானிக்மார், தனி உதிரிப்பாகம் வைத்திருப்பது நட்டமாகவும் முடியலாம். ஆனால் அந்தக் கணக்கை யாராவது ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்களா என்பதுதான் எனக்குக் கவலை. பெரிய பிளேன்களுக்கு பில்லியன் கணக்கில் கையெழுத்து வைத்த நேரத்தில் அந்த மேசையில் யார் யார் இருந்தார்கள் என்று கீழே படியுங்கள்.

கேள்வி (கணக்கியல் மாணவன், திருநெல்வேலி): ஒரு விமான சேவை, ஐரோப்பாவின் எயார்பஸ்ஸா அமெரிக்காவின் போயிங்கா என்று உண்மையில் எப்படித் தெரிவுசெய்ய வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் பார்க்க வேண்டியது பாதை, பிளேன் அதற்குப் பிறகுதான். எந்த ஊருக்கு, எத்தனை மணித்தியாலம், எந்தப் பருவத்தில் எத்தனை பேர், வயிற்றுக்குள் எவ்வளவு சரக்கு போகும் என்று கணக்கு எடுத்த பிறகுதான் எந்த அளவு விமானம் என்ற கேள்வியே வரும். அதற்கு மேல் எரிபொருள், இயந்திரம் யாருடையது, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும், எந்த ஆண்டில் கையில் கிடைக்கும், வாங்குவதா குத்தகைக்கு எடுப்பதா என்று பல விஷயம் இருக்கிறது.

இங்கே ஒஸ்ரின் ஏ40 காரை ஐம்பது அறுபது வருடம் ஓட்டிய வீடுகள் உண்டு. அதைவிட நல்ல கார் உலகத்தில் இல்லை என்றா ஓட்டினார்கள்? நம்மூர் கராஜில் எல்லோருக்கும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரியும், சாமான் கிடைக்கும், அதுதான் காரணம். விமானத்துக்கும் அதே கதைதான். ஒரு வகையில் பழகிய விமானியை இன்னொரு வகைக்கு மாற்றுவதென்றால் மாதக்கணக்கில் பயிற்சி, சிமுலேற்றர், செலவு. அதனால் எயார்பஸ் வைத்திருப்பவர்கள் எயார்பஸ்ஸோடு நிற்பதற்கு நேர்மையான காரணம் நிறையவே இருக்கிறது.

விலையைப் பற்றி ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செய்தியில் வரும் பில்லியன் கணக்கு பெரும்பாலும் பட்டியல் விலை, அந்த விலைக்கு யாருமே வாங்குவதில்லை. கழிவு எவ்வளவு என்பது விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு பாராளுமன்றத்தில் கேட்டாலும் சரியான பதில் வராது. விலை தெரியாத இடத்தில் கொமிஷனை மறைப்பது சுலபம். ஒரு பிளேனில் சில மில்லியன் டொலர் கூடினாலும் வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது.

கேள்வி (கடை உரிமையாளர், சுன்னாகம்): துபாயின் எமிரேட்ஸ் ஸ்ரீலங்கனை நடத்தியபோது நன்றாக இருந்தது, அரசியலால்தான் அவர்கள் போனார்கள் என்கிறார்களே?

பதில்: 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கிப் பத்து வருடத்துக்கு நிர்வாகத்தையும் எடுத்தது. 2007 டிசெம்பரில், லண்டனில் இருந்து திரும்பிய அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் குழுவுக்காக, ரிக்கற் வாங்கிய பயணிகளை இறக்க முடியாது என்று நிர்வாகம் மறுத்தது. அதையடுத்துத் தலைமை அதிகாரி பீற்றர் ஹில்லின் வேலை விசா ரத்தானது. 2008 மார்ச்சோடு எமிரேட்ஸின் நிர்வாக ஒப்பந்தம் முடிந்தது, அவர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. அவர்கள் காலத்தில் இலாபம் காட்டிய ஆண்டுகள் இருந்தன, பிறகு வந்த பெரும்பாலான ஆண்டுகள் நட்டம்தான். எமிரேட்ஸ் தங்கள் துபாய் வியாபாரத்துக்கு ஏற்றபடி நடத்தினார்கள் என்ற குறையும் அந்தக் காலத்தில் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இருக்கைப் பிரச்சினை ஒன்றுக்காக அதிகாரியின் விசாவில் கை வைக்க முடிந்தது என்றால், அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் வந்து உட்காருபவர் எவரும் மேலிடத்துக்கு இல்லை என்று சொல்லத் துணிவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி (தபால் ஊழியர், சாவகச்சேரி): எயார்பஸ் இலஞ்சம் கொடுத்தது என்று லண்டனில் நிரூபணமானதாகச் சொல்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது? கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

பதில்: விளக்கமாகவே எழுதுகிறேன். இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் பேசுவதால்தான் ஒருவர் எல்லாம் பொய் என்கிறார், இன்னொருவர் எல்லோரும் கள்ளர் என்கிறார்.

2013இல் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் எயார்பஸ்ஸிடம் ஆறு ஏ330-300, நான்கு ஏ350-900 வாங்க ஒப்புக்கொண்டது. அதோடு இன்னும் நான்கு ஏ350களைக் குத்தகைக்கு எடுப்பதாகவும் முடிவானது. ஏற்கனவே நட்டத்தில் ஓடும் நிறுவனம் அது. அந்த நேரம் பணிப்பாளர் சபைக்குத் தலைவராக இருந்தவர் ஜனாதிபதியின் மனைவியின் சகோதரர். தலைமை நிறைவேற்று அதிகாரி கபில சந்திரசேன.

இனி லண்டன் கதை. எயார்பஸ்ஸின் இறக்கைகள் பிரித்தானியாவில் செய்யப்படுவதால், வாங்கும் நாட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும் வேலையில் பிரித்தானிய அரசின் ஏற்றுமதிக் கடன் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அங்கே ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: இந்த வியாபாரத்தில் இடைத்தரகர் யார், அவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று. இலங்கை வியாபாரத்துக்கு எயார்பஸ் வைத்திருந்த இடைத்தரகர், ஸ்ரீலங்கன் அதிகாரி ஒருவருடைய மனைவியின் பெயரிலான கம்பனி. எயார்பஸ் ஊழியர்கள் அந்தப் படிவ விஷயத்தில் அந்த மனைவியின் பெயரை மறைத்தார்கள். அது மட்டும் இல்லை, அவர் ஆணா பெண்ணா என்பதைக்கூட மாற்றிச் சொன்னார்கள். அவருக்கு என்று பேசியது 16.84 மில்லியன் டொலர் வரை. கையில் போய்ச் சேர்ந்தது 2 மில்லியன் டொலர்.

படிவங்களில் இப்படிப் பொய் இருப்பது தெரிய வந்து 2016இல் விஷயம் பிரித்தானியாவின் பாரிய மோசடி விசாரணை அலுவலகத்துக்குப் போனது. 2020 ஜனவரி 31ஆம் திகதி எயார்பஸ் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்று நாடுகளோடும் ஒரே நாளில் இணக்கத்துக்கு வந்து ஏறக்குறைய 3.6 பில்லியன் யூரோ கட்ட ஒப்புக்கொண்டது. பிரித்தானிய நீதிமன்றத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆவணத்தில் ஐந்து இடங்கள் இருக்கின்றன: மலேசியா, இலங்கை, தாய்வான், இந்தோனேசியா, கானா. நான் மேலே எழுதிய இலங்கை விவரம் அந்த ஆவணத்தில் இருப்பதுதான், ஊர்ப் பேச்சு இல்லை. அடுத்த வாரமே, பெப்ரவரி 6ஆம் திகதி, கபில சந்திரசேனவும் மனைவியும் கொழும்பில் கைதாகிப் பிறகு பிணையில் வந்தார்கள். 2024 டிசெம்பரில் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம், சந்தை விலையைவிடக் கூடின விலைக்கு எயார்பஸ் வாங்க வைப்பதற்காக இலஞ்சம் வாங்கினார் என்று சொல்லி அவர் தங்கள் நாட்டுக்குள் வரத் தடை போட்டது. எயார்பஸ் கம்பனி ஒப்புக்கொண்டது வேறு, இங்கே ஒரு மனிதரைக் குற்றவாளி என்று தீர்ப்பது வேறு. அந்தத் தீர்ப்பு நீதிமன்றத்துடையது, அதை நான் இங்கே எழுத முடியாது.

ஆனால் பணக் கணக்கை எழுதலாம். 2016இல் புதிய அரசு ஏ350 நமக்குக் கட்டாது என்று முடிவெடுத்தது. மூன்று விமானங்களின் குத்தகையை ரத்துச் செய்வதற்கு மட்டும் 98 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டி வந்தது. ஓடுபாதையைத் தொடாத விமானத்துக்கு, ஒரு பயணிகூட ஏறாத விமானத்துக்கு 98 மில்லியன். எயார்பஸ் கட்டிய 3.6 பில்லியன் யூரோ அபராதம் போனது அந்த மூன்று நாடுகளின் திறைசேரிகளுக்கு. இலஞ்சத்தால் கெட்டுப்போன முடிவின் சுமை எங்கள் தலையில், அபராதக் காசு அவர்கள் கஜானாவில். எனக்கு இந்த இடத்தில்தான் நெஞ்சு எரிகிறது. அந்த இலஞ்சம் கண்டுபிடிக்கப்பட்டதும் கொழும்பில் இல்லை, லண்டனில் ஒரு படிவத்தை யாரோ கவனமாக வாசித்ததால்.

இங்கே ஒருவரும் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் சட்டத்தரணி வெலியமுன தலைமையிலான குழு நிறுவனத்தின் உள்விவகாரங்களைத் தோண்டி அறிக்கை கொடுத்தது. 2018இல் ஸ்ரீலங்கனையும் அரசின் மலிவுக் கட்டண விமான சேவையாக இருந்த மிஹின் லங்காவையும் விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழுவும் போட்டார்கள். அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். அறிக்கைக்கும் வழக்குக்கும் நடுவில்தான் வருடங்கள் கரைந்து போகின்றன.

கேள்வி (அதே வாசகர்): அப்படியென்றால் எயார்பஸ் வாங்கியது பிழையா? போயிங் வாங்கியிருக்க வேண்டுமா?

பதில்: இல்லை. ஏ330 நல்ல விமானம், நம் விமானிகளுக்குப் பழகியது. நேர்மையாகக் கணக்குப் போட்டிருந்தாலும் எயார்பஸ்தான் வந்திருக்கக்கூடும். ஆனால் எத்தனை, எந்த விலைக்கு, எந்த நேரத்தில் என்ற மூன்றும் இலஞ்சத்தால் வளையக்கூடியவை. பொருத்தமான விமானத்தைக்கூடத் தேவைக்கு மேல் வாங்கினால் கடன்தான்.

கேள்வி (வங்கி உத்தியோகத்தர், மானிப்பாய்): இந்த வருத்தம் நமக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. இதில் ஆக உயரத்தில் இருந்து விழுந்தவர் ஜப்பான் பிரதமர். எயார் லங்கா காலத்தில் லொக்ஹீட் ட்ரைஸ்ரார் என்று ஒரு பெரிய விமானம் இருந்ததே, வாலில் ஒரு இயந்திரம் வைத்தது, எண்பதுகளில் வெளிநாடு போன நம்மவர் பலர் முதன்முதல் ஏறியது அதில்தான். அந்த ட்ரைஸ்ராரை ஜப்பானின் ஓல் நிப்பொன் எயார்வேஸ் வாங்க வேண்டும் என்பதற்காக, லொக்ஹீட் கம்பனி மறுபெனி என்ற வர்த்தக நிறுவனம் வழியாகப் பிரதமர் தனாகா ககுவெய்க்கு 500 மில்லியன் யென் கொடுத்தது. 1976 பெப்ரவரியில் அமெரிக்க செனற் உபகுழு ஒன்றின் முன்னால் விஷயம் வெளியே வந்தது. ஜூலையில் தனாகாவைக் கைதுசெய்தார்கள். அதற்குள் அவர் முன்னாள் பிரதமர், என்றாலும் கட்சிக்குள் அவர் சொன்னதுதான் சட்டம். அப்படியிருந்தும் 1983இல் நான்கு வருடச் சிறை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மேல்முறையீடு செய்து, அது முடியும் முன்பே 1993இல் இறந்தார். வெளிநாட்டு அதிகாரிக்கு இலஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா 1977இல் குற்றமாக்கியதற்கு இந்த விவகாரம் ஒரு பெரிய காரணம். ஒரு பிளேன் வியாபாரம் ஒரு நாட்டின் அரசியலையும் இன்னொரு நாட்டின் சட்டத்தையும் மாற்றியிருக்கிறது.

இந்தோனேசியாவில் கருடா விமான சேவையின் முன்னாள் தலைவர் எமிர்ஸ்யா சதாருக்கு 2020இல் எட்டு வருடச் சிறை. எயார்பஸ் விமானம், ரோல்ஸ் ரோய்ஸ் இயந்திரம் இரண்டின் வியாபாரத்திலும் இலஞ்சம் வாங்கியதற்காக. நம்முடைய விஷயம் வந்த அதே லண்டன் ஆவணத்தில் இந்தோனேசியாவும் இருக்கிறது. அவர்கள் தீர்ப்புவரை போய்விட்டார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இந்தியக் கதையில் எனக்குப் பயம் தருவது வேறொன்று. எயார் இந்தியா முதலில் கேட்டது 28 விமானம் அளவில். பிறகு அது 68 போயிங் ஆனது, அரசின் இன்னொரு சேவையான இந்தியன் எயார்லைன்ஸுக்கு 43 எயார்பஸ், மொத்தம் 111. 2011இல் இந்தியக் கணக்காய்வாளர் தன் அறிக்கையில் இந்தத் திடீர் கூட்டலையும், ஏறக்குறைய முழுவதையும் கடனில் வாங்கியதையும் கடுமையாகக் குறை சொன்னார். யார் பையிலாவது காசு போனதா என்பது தனிக் கேள்வி. காசே போகாவிட்டாலும், மேலே இருந்து வரும் அவசரம் ஒரு நிறுவனத்தை விழுத்தப் போதும். அந்தக் கடன் சுமையோடு பல வருடம் தள்ளாடிய எயார் இந்தியாவை 2022 ஜனவரியில் டாட்டாவுக்குக் கொடுத்தார்கள்.

கேள்வி (பல்கலைக்கழக மாணவி, கோண்டாவில்): இப்போது ட்ரம்ப் வரி போடுகிறார், நாடுகள் போயிங் வாங்குகின்றன. இது இலஞ்சம் இல்லையே, இதையும் அரசியல் தலையீடு என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம் தங்கச்சி. பங்களாதேஷைப் பாருங்கள். 2023 செப்டெம்பரில் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் டாக்காவுக்கு வந்தபோது, பிமான் விமான சேவைக்குப் பத்து எயார்பஸ் ஏ350 என்று பேச்சு நடந்தது. ஆட்சி மாறியது. 2025 ஜூலையில், அமெரிக்க வரியைக் குறைக்கும் பேச்சுவார்த்தை நடக்கும்போது, 25 போயிங் வாங்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். டாக்காவில் இருந்து லண்டன் போகும் தூரம் இடையில் கூடிக் குறையவில்லை, பயணியும் மாறவில்லை. யாரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதுதான் மாறியது. அதே மாதம் இந்தோனேசியாவின் வரி உடன்பாட்டிலும் 50 போயிங் இருந்தது.

ஒரு நாட்டின் தையல் தொழிற்சாலைகளைக் காப்பாற்ற விமானம் வாங்குவதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். இலங்கைக்கும் 2025 ஏப்ரலில் 44 சதவீத வரி என்று அறிவித்துப் பிறகு 20க்கு இறக்கினார்கள், அந்த மாதங்களில் ஆடைத் தொழிலில் இருந்த பிள்ளைகளின் வீடுகளில் இருந்த பயம் எனக்குத் தெரியும். ஆனால் அப்படி வாங்குவதென்றால் அரசு வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அந்தச் செலவைத் தன் வர்த்தகக் கணக்கில் எழுத வேண்டும். முடிவை அமைச்சரவை எடுத்துவிட்டு, நட்டத்தை மட்டும் விமான சேவையின் புத்தகத்தில் எழுதி, பத்து வருடம் கழித்து ஊழியர்களைப் பார்த்து நீங்கள்தான் திறமையில்லாதவர்கள் என்பது அநியாயம்.

எயார்பஸ்ஸுக்குப் பின்னால் ஐரோப்பிய அரசுகள், போயிங்குக்குப் பின்னால் அமெரிக்க அரசு. இரண்டு பக்கமும் மற்றவன் அரசுக் காசில் விமானம் செய்கிறான் என்று 2004 முதல் 2021 வரை உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. பெரிய விமானம் விற்க உலகத்தில் இவர்கள் இருவரை விட்டால் ஆள் இல்லை என்ற நிலையில், தூதுவர்களும் ஜனாதிபதிகளும் விற்பனையாளர்களாக வரத்தான் செய்வார்கள். அவர்கள் வருவதை நாம் தடுக்க முடியாது. வந்து பேசியதை எழுதி வைக்கச் சொல்லலாம்.

கேள்வி (இல்லத்தரசி, அச்சுவேலி): என் தம்பி பரிஸில். முன்பு கொழும்பில் இருந்து நேரே வருவான். பிறகு அந்தச் சேவை நின்றது, இரண்டு பிள்ளைகளோடு வேறு நாட்டில் இறங்கி ஏறி வந்தான். போன மாதம் அம்மாவைக் கூட்டிப் போக வந்தபோது கட்டுநாயக்கவில் ஒன்பது மணித்தியாலம் காத்திருந்தோம், பிளேன் பழுது என்றார்கள். எனக்கு இந்த எயார்பஸ் போயிங் ஒன்றும் தெரியாது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா?

பதில்: எந்த விமானம் என்று நீங்கள் எழுதவில்லை அக்கா, அதனால் அந்த ஒன்பது மணித்தியாலத்துக்கு யார் காரணம் என்று நான் சொல்ல முடியாது. அம்மா பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

பொதுவாகச் சொல்கிறேன். ஸ்ரீலங்கன் 2016 கடைசியில் பரிஸ், பிராங்போர்ட் சேவைகளை நிறுத்தியது, நட்டம் என்று. தூரப் பயணத்துக்கு என்று வாங்கிய ஏ330 ஒன்றை அந்த ஆண்டே பாகிஸ்தானின் விமான சேவைக்கு வாடகைக்கும் விட்டது. தூரப் பாதைகளுக்காகப் பெரிய விமானம், பிறகு அந்தப் பாதைகளில் சிலவற்றையே நிறுத்தினார்கள். தேவையைப் பார்த்து வாங்காமல் வாங்கியதைப் பார்த்துத் தேவை தேடினால் இப்படித்தான் வந்து முடியும். கடன் ஏறிய நிறுவனத்துக்கு உதிரிப்பாகமும் இயந்திரமும் கடனில் யாரும் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிளேன் பழுதானால் பதிலுக்கு விட இன்னொன்று கையில் இருக்காது. ஒரு மேசையில் வைத்த கையெழுத்து, பல வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு கதிரையில் தூங்கும் ஒரு தாய்வரை வந்து சேரும். ஆமாம், தொடர்பு இருக்கிறது.

கேள்வி (விவசாயி, புத்தூர்): நான் பிளேன் ஏறினதே இல்லை. எனக்கு என்ன இதில்?

பதில்: ஐயா, ஸ்ரீலங்கனின் பங்கில் 99 சதவீதத்துக்கு மேல் அரசுடையது. அது எடுத்த 175 மில்லியன் டொலர் கடன் பத்திரத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. 2024 ஜூனில் அது முதிர்ந்தபோது கட்ட முடியவில்லை. உத்தரவாதம் என்றால் கடைசியில் திறைசேரி. திறைசேரி என்றால் நீங்கள் வாங்கும் உரத்திலும் மண்ணெண்ணெயிலும் கட்டும் வரி. ஏறினவரைவிட ஏறாதவர்தான் இந்த நாட்டில் கூட, அதனால் சுமையில் பெரிய பங்கும் ஏறாதவருடையது. கேட்கும் உரிமையும் அதே அளவு உங்களுக்கு உண்டு.

கேள்வி (இளைஞர் கழகச் செயலாளர், வட்டுக்கோட்டை): கேட்கலாம் என்கிறீர்கள். யாரிடம், எப்படி?

பதில்: 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனியும் அதற்குள் வரும், ஆகவே தேசிய விமான சேவையும் வரும். தகவல் அதிகாரிக்குத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். வர்த்தக இரகசியம் என்று மறுக்கலாம். ஆனால் வெளியிடுவதில் பொதுநலன் கூட என்றால் அந்த மறுப்பு நிற்காது என்று அதே சட்டம் சொல்கிறது, தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடும் போகலாம்.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. விலை கேட்டால் இரகசியம் என்பார்கள், அதனால் விலையில் தொடங்க வேண்டாம். நான் கேட்கப் போவது மூன்றே மூன்று: கடைசியாக விமானம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ முடிவெடுத்தபோது எத்தனை வகை விமானங்களை ஒப்பிட்டார்கள், அந்த ஒப்பீட்டை எந்தத் திகதியில் பணிப்பாளர் சபை முன் வைத்தார்கள், பலாலிக்குச் சேவை நடத்துவது பற்றி எப்போதாவது ஒரு செலவுக் கணக்கு எழுதப்பட்டதா.

கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை யாழ்ப்பாணம் தலைமைத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் போடுகிறேன். உங்கள் கழகமும் தனியாக ஒன்று போடுங்கள், ஒரே கேள்விக்கு இரண்டு இடத்துக்கு வரும் பதிலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனக்கு வரும் பதிலை, மறுப்பாக இருந்தாலும், ஒரு எழுத்து மாற்றாமல் இந்தப் பக்கத்தில் போடுவேன்.